முட்டை சமைக்கப் பழகுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறை எடுத்துத் தங்கி, முதன்முதலாகச் சொந்தமாக அடுப்பைப் பற்றவைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. முட்டையில் மசாலா கொஞ்சம் முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தீயும் நேரமும் தப்பினால்தான் கெடும். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுகத் தொடங்கும். 80 டிகிரி வந்தால் முழுக்கக் கெட்டியாகிவிடும். மஞ்சள்கரு 65-ல் குழைந்து 70-ல் இறுகும். காய்ந்த தோசைக்கல்லின் சூடு இதற்கெல்லாம் வெகு மேலே, 180, 200 டிகிரியில் இருக்கிறது. அதனால்தான் அரை நிமிடம் கவனம் பிசகினாலும் முட்டை ரப்பராகிவிடுகிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிவரும்.

எந்த முட்டை வாங்குவது? வெள்ளையா, பழுப்பா, நாட்டுக்கோழியா?

பழகுவதற்குக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை முட்டையே போதும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள்கருவின் நிறம் கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்தது.

நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் முட்டை பெரும்பாலும் 50 முதல் 55 கிராம் இருக்கும். இங்கே சொல்லும் நேரமெல்லாம் அந்த எடைக்குத்தான். நாட்டுக்கோழி முட்டை சிறியது, 40 கிராமை ஒட்டி இருக்கும். அவிக்கும்போது ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். வாத்து முட்டை என்றால் மூன்று நிமிடம் கூட்ட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் நேரம் 60 கிராமுக்கு மேற்பட்ட, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைக்கானது. அதை அப்படியே இங்கே பின்பற்றினால் எப்போதும் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வெந்துபோகும்.

முட்டை நல்லதா கெட்டதா என்று உடைக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். ஆழமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதிது. ஒரு முனை தூக்கி நின்றால் பழையது, ஆனால் சாப்பிடலாம். அவிப்பதற்கு அதுதான் வசதியும்கூட. மிதந்தால் தூக்கிப் போடுங்கள். நாள் ஆக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, மொத்தை முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. மிதப்பதற்குக் காரணம் அதுதான்.

மிதக்காத முட்டையும் சில நேரம் கெட்டிருக்கும். எனவே எத்தனை முட்டை போட்டாலும், ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக உடைத்து, பார்த்து, முகர்ந்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். ஐந்தாவது முட்டை கெட்டுப்போய் மற்ற நான்கையும் கீழே கொட்ட நேர்வது இதனால் தவிரும்.

ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா? கழுவி வைக்கலாமா?

மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுவீர்கள் என்றால், வெயில் படாத இடத்தில் வெளியே வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃப்ரிட்ஜ்தான். நம் ஊர் கோடையில் வெளியே இருக்கும் முட்டை வேகமாகப் பழையதாகும். ஃப்ரிட்ஜில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் தாங்கும். கதவில் இருக்கும் முட்டைத் தட்டை விட உள் தட்டு நல்லது, சூடு ஏறி இறங்காது. கூர்முனை கீழே இருக்கட்டும்.

கழுவி வைக்காதீர்கள். ஓட்டின்மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது; கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். அழுக்கு இருந்தால் சமைக்கப் போகும் நேரத்தில் கழுவுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்து வியர்க்கவிட்டு மறுபடி உள்ளே வைப்பதும் வேண்டாம்.

உடைக்கும்போது ஓட்டுத் துண்டு உள்ளே விழுகிறதே?

பாத்திரத்தின் விளிம்பில் தட்டாமல் சமையல் மேடையின் சமதளத்தில் ஒரே தட்டாகத் தட்டுங்கள். விளிம்பு ஓட்டை உள்நோக்கிக் குத்தும். சமதளத்தில் கோடாக மட்டும் விரியும். விழுந்த துண்டை எடுக்க, கையிலிருக்கும் பாதி ஓட்டையே கரண்டியாகப் பயன்படுத்துங்கள். விரலை விட்டால் வழுக்கிக்கொண்டே போகும். விரலை நனைத்துக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

உள்ளே ரத்தப் புள்ளி, வெள்ளை நூல் மாதிரி ஏதோ இருக்கிறது. சாப்பிடலாமா?

இரண்டையும் சாப்பிடலாம். ரத்தப் புள்ளி, முட்டை உருவாகும்போது கோழியின் உள்ளே சின்ன ரத்தக்குழாய் ஒன்று கசிந்ததால் வந்தது. கத்தி முனையால் எடுத்துவிடலாம். வெள்ளை நூல், மஞ்சள்கருவை நடுவில் பிடித்து நிறுத்தும் திரி. அது தெளிவாகத் தெரிந்தால் முட்டை புதிது.

முட்டை அவிக்க எத்தனை நிமிடம்?

தண்ணீர் கொதித்த பிறகு முட்டையை இறக்குவதுதான் கணக்குத் தப்பாத வழி. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால், கொதி வர எடுக்கும் நேரம் பாத்திரத்துக்குப் பாத்திரம், அடுப்புக்கு அடுப்பு மாறும். உங்கள் 10 நிமிடமும் பக்கத்து அறைக்காரரின் 10 நிமிடமும் ஒன்றாக இருக்காது.

நான்கு முட்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதித்ததும், முட்டைகளைக் குழிக்கரண்டியில் ஒவ்வொன்றாக வைத்து அடிமட்டம் வரை கொண்டுபோய் விடுங்கள். உடனே தீயைக் குறைத்து, மெல்லிய கொதி மட்டும் இருக்கும்படி வையுங்கள். கடிகாரத்தை அந்த நிமிடத்திலிருந்து பாருங்கள்.

வெளியே இருந்த முட்டைக்கு ஐந்தரை நிமிடத்தில் வெள்ளை நின்று மஞ்சள் வழியும். ஏழு நிமிடத்தில் மஞ்சள் ஓரம் இறுகி நடு குழைவாக இருக்கும். ஒன்பதில் நடுவும் இறுகிவிடும், ஆனால் ஈரம் இருக்கும். பத்தில் முழு வேக்காடு, குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுவது. ஃப்ரிட்ஜிலிருந்து நேரே எடுத்தது என்றால் எல்லாவற்றிலும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். பத்துக்கு மேல் போவதில் எந்த லாபமும் இல்லை.

நேரம் முடிந்ததும் சுடுநீரைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். இதைப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். சுடுநீரில் கிடக்கும் முட்டை அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டேதான் இருக்கும். மே மாதத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சூடாக இருக்கும் என்பதால், இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், அல்லது ஐஸ் கட்டி போடுங்கள். ஐந்து நிமிடம் கிடக்கட்டும்.

தண்ணீரில் போட்டதும் விரிசல் விட்டு வெள்ளை வெளியே வருகிறது. ஏன்?

காற்றறையில் உள்ள காற்று சூட்டில் விரிகிறது; வெளியேற நேரமில்லாமல் ஓட்டைப் பிளக்கிறது. ஃப்ரிட்ஜ் முட்டையை நேரே கொதிநீரில் போட்டால் இது அதிகம். 15 நிமிடம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். பலமான கொதியில் முட்டைகள் பாத்திரத்தில் மோதிக்கொள்வதும் ஒரு காரணம், தீயைக் குறைக்கச் சொன்னது அதற்காகவும்தான். தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால் விரிசல் தடைபடாது. கசிகிற வெள்ளை உடனே உறைந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உரிக்கும்போது வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வருகிறது. என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் முட்டை மிகப் புதிதாக இருப்பதுதான் காரணம். புதிய முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கும். அதனால் காரத்தன்மை குறைவு. அந்த நிலையில் வெள்ளைக்கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு இறுகுகிறது. நாளாக ஆக வாயு வெளியேறி, காரத்தன்மை கூடி, பிடிப்பு தளரும். ஐந்தாறு நாள் ஆன முட்டையை அவிக்க வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கியதை ஆம்லெட்டுக்கும் ஆஃப் பாயிலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காரணம், பச்சைத் தண்ணீரில் தொடங்குவது. மெல்ல மெல்லச் சூடேறினால் வெள்ளைக்கரு சவ்வோடு சேர்ந்தே உறையும். கொதிநீரில் விழுந்தால் வெளிப்பக்கம் சட்டென்று இறுகிச் சவ்விலிருந்து விலகும். முட்டை புதிதாகவே இருந்தாலும் இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

உரிக்கும் முறை: ஆறிய முட்டையின் மொத்தை முனையை முதலில் தட்டுங்கள். அங்கே காற்றறை இருப்பதால் ஓட்டுக்கும் வெள்ளைக்கும் இடையே இடம் இருக்கும். பிறகு மேடைமேல் வைத்து உள்ளங்கையால் லேசாக உருட்டி, ஓடு முழுக்க விரிசல் விழச் செய்யுங்கள். மொத்தை முனையில் சவ்வையும் சேர்த்துப் பிடித்து, குழாய்த் தண்ணீருக்கு அடியில் உரியுங்கள். சவ்வு கையில் வந்துவிட்டால் ஓடு தானே வரும்.

மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையாக, சாம்பல் நிறமாக வளையம் வருகிறதே, கெட்டதா?

கெட்டதில்லை, அதிகம் வெந்தது. வெள்ளைக்கருவிலுள்ள கந்தகம் நீண்ட சூட்டில் வாயுவாகப் பிரிந்து, மஞ்சள்கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிறது. அந்த அழுகல் வாடையும் அதே வாயுவால்தான். பத்து நிமிடத்தில் எடுத்து உடனே குளிரவைத்தால் வளையம் வராது.

ஊட்டி, கொடைக்கானலில் இதே நேரம் சரிவருமா?

வராது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

குக்கரில் அவிக்கலாமா?

முழு வேக்காடு மட்டும் போதும் என்றால் அவிக்கலாம். ஆனால் ஒரு விசில் வர எடுக்கும் நேரமும், ஆவி அடங்க எடுக்கும் நேரமும் குக்கருக்குக் குக்கர் வேறு. பழகும்போது அதைக் கணக்கு வைக்க முடியாது. அதைவிட இட்லிப் பானை நல்லது. தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் தட்டில் முட்டையை வைத்து மூடி, பதினோரு நிமிடம். தண்ணீரும் கேஸும் மிச்சம், ஓடும் சுலபமாக உரியும்.

ஆஃப் பாயிலில் அடி கருகிவிடுகிறது, மேலே வெள்ளை சளியாக நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

கல் அதிகச் சூட்டில் இருக்கிறது. மஞ்சள்கருவைச் சுற்றி இருக்கும் வெள்ளை அடர்த்தியானது, உயரமாக நிற்பது. அடியிலிருந்து சூடு அங்கே போய்ச் சேர நேரம் எடுக்கும். அதற்குள் ஓரம் கருகிவிடுகிறது.

கல்லை மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு கல்லைத் தொடும் அளவுக்குத் தாழ்த்திச் சரியவிடுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் மஞ்சள் உடையும். முட்டை விழுந்ததும் தீயைச் சிறிதாக்குங்கள். அடர்ந்த வெள்ளையைக் கரண்டி நுனியால் லேசாகக் கீறிவிட்டால் அது பரவிச் சீக்கிரம் வேகும். மஞ்சளைத் தொட்டுவிடாதீர்கள். ஒன்றரை நிமிடம் கழித்து ஒரு மூடியால் 30, 40 விநாடி மூடுங்கள். ஆவி மேல்பக்கத்தை வேகவைத்துவிடும். மூடியை எடுக்கும்போது மஞ்சளின்மேல் மெல்லிய வெண்படலம் படர்ந்திருந்தால் சரியான பதம். உப்பும் மிளகுத்தூளும் இப்போது தூவுங்கள்.

ஃபுல் பாயில் வேண்டுமென்றால் மூடாமல் திருப்பிப் போட்டு 40 விநாடி.

கல்லில் ஒட்டிக்கொள்கிறது.

இரும்புக் கல் என்றால் மூன்று காரணம்தான்: பழகாத கல், காயாத கல், அவசரம். புதுக் கல்லை எண்ணெய் தடவிக் காயவைத்து, துடைத்து, மறுபடி தடவி, சில நாள் பழக்க வேண்டும். சமைக்கும்போது கல் காய்ந்ததா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு அப்படியே கிடந்து மெல்ல வற்றினால் சூடு போதாது; சொர்ரென்று சுண்டினால் எண்ணெய் விடலாம். எண்ணெய் புகைந்தால் சூடு மீறிவிட்டது, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் ஆற்றுங்கள். முட்டை ஊற்றியவுடன் கிளறிப் பார்க்கவும் கூடாது. அடிப்பக்கம் இறுகிய பிறகு தானாகவே விடும்.

ஆரம்பத்தில் ஒரு சின்ன நான்ஸ்டிக் கல் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. வெறும் கல்லைப் பெரிய தீயில் காயவிடாமல், மரக்கரண்டி மட்டும் பயன்படுத்தினால் போதும்.

ஆம்லெட் உப்பலாக, மெத்தென்று வர என்ன அளவு?

இரண்டு முட்டைக்குச் சின்ன வெங்காயம் ஐந்து, பச்சை மிளகாய் ஒன்று, கொஞ்சம் கறிவேப்பிலை, கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள்; பெரிய துண்டாக இருந்தால் திருப்பும்போது ஆம்லெட் அந்த இடத்தில்தான் கிழியும்.

முதலில் முட்டை, உப்பு, தூள்களை மட்டும் உயரமான டம்ளரில் போட்டு, ஸ்பூனால் ஒரு நிமிடம் நுரைக்க அடியுங்கள். உப்பலுக்குக் காரணம் அந்த நுரையில் இருக்கும் காற்று. வெங்காயத்தை ஊற்றுவதற்குச் சற்று முன் சேருங்கள். உப்போடு வெங்காயம் ஊறிக் கிடந்தால் நீர் விட்டு, கலவை தளர்ந்து, நுரையும் அடங்கிவிடும். பால் சேர்ப்பது உங்கள் விருப்பம். முட்டைக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், ஆம்லெட் உடையும்.

மிதமான தீயில் காய்ந்த கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய். ஊற்றியதும் ஓரம் பொங்க வேண்டும். அப்படிப் பொங்காவிட்டால் கல் காயவில்லை என்று அர்த்தம். ஊற்றியபின் தீயைக் குறைத்து ஒன்றரை நிமிடம் விடுங்கள். கல்லைச் சாய்த்தால் மேல்பக்கம் வழியாமல், ஆனால் ஈரமாகப் பளபளக்கும்போது திருப்புங்கள். மறுபக்கம் 30 விநாடி போதும். தோசைத் திருப்பியால் அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் ஆவியும் காற்றும் வெளியேறி அடைபோல ஆகிவிடும். இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்க வேண்டும் என்று காத்திருப்பதும் அதே பலனைத்தான் தரும்.

முட்டைப் பொடிமாஸில் தண்ணீர் நிற்கிறது, முட்டை கட்டி கட்டியாகக் கடினமாகிறது.

அதிகச் சூட்டில் முட்டையின் புரதம் சுருங்கி, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டு குறையும் ஒரே தவறிலிருந்து வருபவை. தக்காளி போட்டு அது வற்றுவதற்கு முன்பே முட்டையை ஊற்றினாலும் நீர் நிற்கும்.

மூன்று முட்டைக்கு ஒரு பெரிய வெங்காயம். வெங்காயத்தை நாலைந்து நிமிடம் நன்றாக வதக்கி, அதன் ஈரம் போன பிறகு தீயைச் சிறிதாக்கி முட்டையை ஊற்றுங்கள். 20 விநாடி தொடாதீர்கள். பிறகு அடியிலிருந்து சுரண்டிச் சுரண்டிப் புரட்டுங்கள். இன்னும் கொஞ்சம் ஈரம் மினுங்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். இரும்பு வாணலியின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். உதிரியாக வேண்டுமென்றால் அணைத்த பிறகு கரண்டியால் கொத்திவிடுங்கள். உதிரவைப்பதற்காகத் தீயைக் கூட்ட வேண்டாம்.

கடையில் கொடுக்கும் கலக்கி வீட்டில் வருமா?

வரும். இரண்டு முட்டை, ஒரு டேபிள்ஸ்பூன் சால்னா அல்லது கறிக்குழம்பு, மிளகுத்தூள், உப்பு. குழம்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். லேசாகக் கலக்கினால் போதும். இதற்கு மட்டும் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஊற்றி, அடி இறுகிய 15 விநாடியில் நாலு பக்கமும் மடித்து, மொத்தம் 30 விநாடிக்குள் தட்டுக்குப் போய்விட வேண்டும். உள்ளே குழகுழவென்று இருப்பதுதான் கலக்கி.

குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றினால் கரைந்து நூல் நூலாகிறது.

குழம்பு பலமாகக் கொதிக்கிறது, அல்லது நீர்த்திருக்கிறது. குழம்பு கெட்டிப்பட்டு எண்ணெய் பிரியத் தொடங்கிய பிறகு தீயைக் குறைத்து, மேற்பரப்பில் ஓரிரு குமிழ் மட்டும் வரும்போது, கிண்ணத்தில் உடைத்த முட்டையைத் தாழ்வாக இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இடம். மூடி, ஆறு நிமிடம். கரண்டியே போடக் கூடாது. புளியும் உப்பும் வெள்ளைக்கருவைச் சீக்கிரம் உறையவைக்கும் என்பதால் புளிக்குழம்பில் இது இன்னும் நன்றாக வரும்.

அவித்த முட்டையை எண்ணெயில் வறுக்கும்போது வெடித்துத் தெறிக்கிறது.

உரித்த முட்டையின் மேல்தோலுக்கு அடியில் ஈரம் ஆவியாகி வழியில்லாமல் வெடிக்கிறது. துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நீளவாக்கில் நாலு கீறல் போட்டு, சிறு தீயில் உருட்டி உருட்டி வறுங்கள். மசாலா உள்ளே இறங்கவும் கீறல் உதவும். முகத்தைக் கல்லுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

மைக்ரோவேவில் சூடுபண்ணலாமா?

முழு முட்டையை, ஓட்டோடோ உரித்தோ, வைக்கவே கூடாது. மஞ்சள்கருவில் அடைபட்ட ஈரம் மிகைச் சூடாகி, வெளியே எடுத்துக் கடிக்கும்போதுகூட வெடிக்கும். வாயும் கண்ணும் வெந்துபோகும். சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டாலே சூடாகிவிடும்.

அரைவேக்காடு சாப்பிடுவது பாதுகாப்பா?

சால்மோனெல்லா கிருமி அழிய முட்டை முழுதும் 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். வழியும் மஞ்சள்கரு அந்தச் சூட்டைத் தொட்டிருக்காது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஆஃப் பாயிலும் கலக்கியும் வேண்டாம், முழு வேக்காடுதான். மற்றவர்கள் சாப்பிடுவதாக இருந்தாலும் புதிய, விரிசல் இல்லாத முட்டையாக இருக்கட்டும்.

அவித்த முட்டை எவ்வளவு நாள் தாங்கும்?

ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். உரித்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். டிபன் பாக்ஸில் கட்டிப் போவதென்றால் முழுக்க வெந்ததாக, உரிக்காததாக எடுத்துப்போய், அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

பாத்திரத்தில் முட்டைக் கவிச்சி போகவே மாட்டேன் என்கிறது.

சுடுநீரில் கழுவுவதுதான் தவறு. ஒட்டியிருக்கும் முட்டை சூட்டில் வெந்து இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு, கடைசியாகப் புளிச் சக்கையோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ தேய்த்து அலசுங்கள். இரும்புக் கல்லில் மட்டும் புளியை ஊறவைக்காதீர்கள், பழகிய பூச்சு போய்விடும். அதற்குக் கடலைமாவு போட்டுத் தேய்த்து, உடனே அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.